திடீர் வெப்பமேற்றம் மேல்வளியின் கலவையை எப்படி மாற்றுகிறது? இலவசத் தரவில் நீங்களே பார்க்க ஒரு வழிகாட்டி

வட துருவத்துக்கு மேலே, ஏறத்தாழ 30 கி.மீ. உயரத்தில், குளிர்காலத்தின் நடுவே சில நாட்களுக்குள் வெப்பநிலை 50 கெல்வினுக்கும் மேல் ஏறிவிடும். இதுதான் திடீர் ஸ்ட்ராட்டோஸ்பியர் வெப்பமேற்றம், துறையில் எஸ்.எஸ்.டபிள்யூ. என்பார்கள். ஸ்ட்ராட்டோஸ்பியர் ஏறத்தாழ 50 கி.மீ. உயரம் வரை உள்ள அடுக்கு; அதற்கு மேல் மீசோஸ்பியர், ஏறத்தாழ 90 கி.மீ.க்கு மேல் தெர்மோஸ்பியர். பத்தாண்டுக்குச் சராசரியாக ஆறு முறை நடக்கிறது. இதனால் 80 கி.மீ.யில் கார்பன் மோனாக்சைடும், 150 கி.மீ.க்கு அருகே அணு ஆக்சிஜனுக்கும் நைட்ரஜனுக்கும் உள்ள விகிதமும் மாறுகின்றன. எம்.எஸ்சி. திட்டப்பணிக்காகவோ சொந்த ஆர்வத்திலோ இதைத் தரவில் பார்க்க நினைப்பவருக்கு இந்தக் கட்டுரை.

செலவு: தரவுக்கு ஒரு ரூபாய்கூட வேண்டாம். 8 ஜி.பி. நினைவகம் உள்ள மடிக்கணினி, 50 ஜி.பி. காலி இடம், பைத்தான் போதும். நேரம்: பைத்தான் பழகியவருக்கு மாலை வேளைகளில் உட்கார்ந்தால் இரண்டு மூன்று வாரம். அதில் பாதி, கோப்புகளைச் சரியாக இறக்குவதிலேயே போய்விடும்.

தொடங்கும் முன் ஒன்றை மனத்தில் இருத்துங்கள். நிகழ்வு ஒன்றுதான், ஆனால் ஒவ்வொரு உயரத்துக்கும் நாள்காட்டி வேறு. 30 கி.மீ.யில் காற்று திரும்பிய (மேற்கிலிருந்து வீசுவது மாறிக் கிழக்கிலிருந்து வீசத் தொடங்கிய) தேதியை வைத்துக்கொண்டு எல்லா உயரத்திலும் அதே நாளில் மாற்றத்தைத் தேடினால் பாதிக்கு மேல் கண்ணில் படாது.

1. எந்த நிகழ்வு என்று முடிவு செய்யுங்கள்

புதியவர் எடுக்க வேண்டியவை இரண்டு: 2009 சனவரி, 2019 சனவரி. இரண்டிலும் சூரியன் அடங்கியிருந்தது, புவிக்காந்தப் புயல் தொல்லையும் குறைவு.

2009இல் துருவச் சுழல், அதாவது குளிர்காலத்தில் துருவத்தைச் சுற்றிச் சுழலும் காற்று, இரண்டாகப் பிளந்தது. காற்று திரும்பியது சனவரி 24. வெப்பநிலையையும் வாயுக்களையும் உயரவாரியாக அளக்கும் ஆரா செயற்கைக்கோளின் எம்.எல்.எஸ். கருவியும் டைம்டு செயற்கைக்கோளின் சேபர் கருவியும் அப்போது இயங்கிக்கொண்டிருந்தன. ஆனால் தெர்மோஸ்பியரைத் தொடர்ந்து பார்க்கும் கோல்டு கருவி அப்போது இல்லை. அதன் தரவு 2018 அக்டோபரிலிருந்துதான். ஆகவே கார்பன் மோனாக்சைடைப் பார்க்க 2009, ஆக்சிஜன்–நைட்ரஜன் விகிதத்துக்கு 2019.

2013 சனவரி நிகழ்வும் பெரியதுதான், கட்டுரைகளில் அடிக்கடி வரும். முதல் முயற்சிக்கு அது வேண்டாம். சூரியச் சுழற்சியின் உச்சத்துக்கு அருகில் நடந்ததால் சூரியனின் கைவரிசையையும் வெப்பமேற்றத்தின் கைவரிசையையும் பிரிப்பதற்கே பெரும்பாடு ஆகிவிடும்.

எந்த நிகழ்வானாலும் நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை முழுதாக இறக்குங்கள். நிகழ்வுக்கு முன்னும் பின்னும் பத்துப் பத்து நாள் மட்டும் எடுத்தால் ஒப்பிட அடிப்படையே இருக்காது.

2. கணக்குகளும் அனுமதிகளும்

நாசாவின் எர்த்டேட்டா கணக்கு முதலில். பெயர், மின்னஞ்சல், நாடு, நிறுவனம் கேட்கும். கல்லூரி மின்னஞ்சல் கட்டாயமில்லை. கணக்கு உடனே கிடைத்துவிடும், ஆனால் அது மட்டும் போதாது. உள்ளே போய், அனுமதிக்கப்பட்ட செயலிகள் பகுதியில் ஜெஸ் டிஸ்க் தரவுக் காப்பகத்தைத் தனியாக அனுமதிக்க வேண்டும். புதியவர்கள் அதிகம் விட்டுவிடுவது இதைத்தான்.

விட்டுவிட்டால் பிழைச் செய்தி வராது, அதுதான் சிக்கல். இறக்கம் முடிந்ததாகக் காட்டும், கோப்பின் பெயரும் சரியாக இருக்கும். திறந்தால் "கோப்பு வடிவம் தெரியவில்லை" என்று பைத்தான் சொல்லும். அளவைப் பாருங்கள்: பல மெகாபைட் இருக்க வேண்டிய கோப்பு சில கிலோபைட்டாக இருந்தால் உள்ளே இருப்பது தரவல்ல, உள்நுழைவுப் பக்கம். இறக்கியதும் அளவு வாரியாக வரிசைப்படுத்திப் பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

நிரல் வழியாக இறக்க, வீட்டு அடைவில் நெட்ஆர்சி கோப்பு ஒன்றில் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் இருக்க வேண்டும். அதை நீங்கள் மட்டும் படிக்கும்படி அனுமதியை மாற்றுங்கள். கடவுச்சொல்லில் ஹாஷ் குறியோ இடைவெளியோ வேண்டாம். சில நிரல்கள் ஹாஷுக்குப் பின்னால் வருவதைக் குறிப்பு என்று நினைத்து விட்டுவிடும்.

சேபர், கோல்டு தரவுகள் அந்தந்தக் கருவிக் குழுவின் தளங்களில் கிடைக்கும். ஜி.பி.எஸ். வழி அளந்த, அயனமண்டலத்தின் மொத்த எலக்ட்ரான் எண்ணிக்கைக்கு எம்.ஐ.டி. ஹேஸ்டாக் ஆய்வகத்தின் மேட்ரிகல் தரவுத்தளம். பெயர், மின்னஞ்சல், நிறுவனம் கொடுத்தால் போதும்.

3. காற்று திரும்பிய நாளை நீங்களே கண்டுபிடியுங்கள்

நிகழ்வுத் தேதிகளை அமெரிக்காவின் வானிலை, கடல் ஆய்வு நிறுவனமான நோவா ஒரு தொகுப்பாக வைத்திருக்கிறது. அதைப் பார்த்து எழுதுவதைவிட ஒருமுறை நீங்களே கணக்கிடுவது நல்லது. உங்கள் நிரல் சரியா என்று சோதிக்க இதைவிட எளிய வழி இல்லை.

மெர்ரா-2 மறுபகுப்பாய்வில் (பழைய அளவீடுகளை ஒரு வளிமண்டல மாதிரியோடு இணைத்து நாசா தயாரித்த தரவு), அழுத்த மட்டங்களில் கிடைக்கும் காற்றுத் தரவை எடுங்கள். வட அட்சம் 60, அழுத்தம் 10 ஹெக்டோபாஸ்கல் (ஏறத்தாழ 31 கி.மீ. உயரம்). அந்த அட்சம் முழுவதும் கிழக்கு–மேற்குக் காற்றைச் சராசரியாக்குங்கள். நவம்பருக்கும் மார்ச்சுக்கும் இடையே அந்த எண் சுழியத்துக்குக் கீழே போகும், அதாவது காற்று கிழக்கிலிருந்து வீசத் தொடங்கும், முதல் நாள்தான் மையத் தேதி. ஒரு நிகழ்வு கணக்கில் வந்தபின், காற்று மீண்டும் மேற்கிலிருந்து தொடர்ந்து 20 நாள் வீசினால்தான் அடுத்ததைத் தனி நிகழ்வாக எண்ணலாம். வசந்தத்தில் காற்று ஒரேயடியாகத் திரும்புவது வேறு கதை: ஏப்ரல் 30க்குள் மேற்குக் காற்று குறைந்தது தொடர்ச்சியாக 10 நாள் மீளாவிட்டால் அதைச் சேர்க்காதீர்கள்.

2009க்கு உங்களுக்குச் சனவரி 24 வர வேண்டும். 2019க்குச் சனவரி 1 அல்லது 2 வந்தால் கவலை வேண்டாம். எந்த மறுபகுப்பாய்வு, எந்த நேரச் சராசரி என்பதைப் பொறுத்து ஒரு நாள் முன்பின் ஆகும்.

உலகம் முழுவதற்கும் எல்லா மட்டங்களையும் இறக்கினால் வட்டு நிரம்பிவிடும். தளத்திலேயே வெட்டியெடுக்கும் வசதி உண்டு. மாறி, அட்சம், அழுத்தம் மூன்றையும் குறுக்கிக்கொள்ளுங்கள். கோப்புப் பெயரில் வரும் 300, 400 போன்ற எண் ஆண்டைப் பொறுத்து மாறும்: 2001 முதல் 2010 வரை 300, அதற்குப் பின் 400. பெயரை நிரலில் நேராக எழுதி வைத்தால் 2010 டிசம்பர் முடிந்ததும் நின்றுவிடும்.

அழுத்த மட்டத் தரவு 0.1 ஹெக்டோபாஸ்கலோடு, அதாவது ஏறத்தாழ 65 கி.மீ.யோடு முடிகிறது. அதற்கு மேலே நடப்பதை இதில் தேடாதீர்கள்.

4. கார்பன் மோனாக்சைடு: மேலிருந்து இறங்கும் காற்றின் அடையாளம்

வேலையின் சுவையான பகுதி இது, நிதானமாகச் செய்யுங்கள்.

தெர்மோஸ்பியரில் சூரிய ஒளி கார்பன் டை ஆக்சைடை உடைப்பதால் கார்பன் மோனாக்சைடு உண்டாகிறது. ஆகவே உயரே போகப் போக அது அதிகம். துருவ இரவில் அதை அழிக்க ஆளில்லை. காற்று எங்கே போகிறதோ அங்கே அதுவும் போகும். காற்றின் மேல்–கீழ் ஓட்டத்தைக் காட்டும் தடயப்பொருளாக இதை எடுப்பது அதனால்தான்.

வழக்கமான குளிர்காலத்தில் ஸ்ட்ராட்டோஸ்பியரில் மேற்குக் காற்று வீசும். மலைகளும் புயல்களும் கிளப்பும் புவியீர்ப்பு அலைகளில் (வானியலின் ஈர்ப்பலைகள் அல்ல, காற்று மேலும் கீழும் அசையும் அலைகள்) கிழக்கு நோக்கிப் போகும் அலைகளை அந்தக் காற்று தடுத்துவிடும். மேற்கு நோக்கிப் போகும் அலைகள் மட்டும் மேலேறி மீசோஸ்பியரில் உடைந்து, அங்குள்ள காற்றைத் துருவத்துக்குத் தள்ளிக் கீழே இறக்கும். வெப்பமேற்றத்தின்போது கீழே காற்று திசை மாறுவதால் வடிகட்டலும் தலைகீழாகிறது. மீசோஸ்பியரில் இறக்கம் நின்று, காற்று ஏறத் தொடங்குகிறது. ஏறும் காற்று விரிந்து குளிரும். கீழே சூடு, மேலே குளிர் என்று ஒரே சமயத்தில் பார்ப்பது இதனால்தான். கார்பன் மோனாக்சைடும் அப்போது குறையும்.

பிறகுதான் பெரிய மாற்றம். 2009 போன்ற நிகழ்வுகளில் பழைய ஸ்ட்ராட்டோபாஸ் (ஸ்ட்ராட்டோஸ்பியரின் சூடான மேல் எல்லை) குலைந்து, வழக்கமான 50 கி.மீ.யை விட்டு 75–80 கி.மீ. உயரத்தில் புதிதாக உருவாகிறது. அங்கிருந்து வாரக்கணக்கில் கீழே இறங்கி வருகிறது. கூடவே கார்பன் மோனாக்சைடும், அரோராத் துகள்கள் உண்டாக்கிய நைட்ரிக் ஆக்சைடும் இறங்குகின்றன. 2004, 2006, 2009, 2013 ஆகிய ஆண்டுகளில் இப்படி நடந்தது. இறங்கிய நைட்ரஜன் ஆக்சைடுகள் மேல் ஸ்ட்ராட்டோஸ்பியரில் ஓசோனை அழிக்கும்.

இனி செய்முறை. எம்.எல்.எஸ். இரண்டாம் நிலைத் தரவில் (கருவி பதிந்த கதிர்வீச்சிலிருந்து கணக்கிட்ட வாயு, வெப்பநிலை மதிப்புகள்) கார்பன் மோனாக்சைடு, நீராவி, வெப்பநிலை மூன்றையும் எடுங்கள். நாளுக்கு ஒரு கோப்பு. கருவி நாளுக்கு ஏறத்தாழ 3,500 செங்குத்து அளவீடுகள் எடுக்கிறது. வட அட்சம் 70 முதல் 82 வரை மட்டும் எடுத்தாலே நாளுக்கு 300க்கு மேல் கிடைக்கும். 82க்கு மேலே கருவி பார்ப்பதில்லை. படத்தின் தலைப்பில் "துருவம்" என்று போடாமல் "70–82" என்றே போடுங்கள்.

சராசரிக்கு முன் வடிகட்ட வேண்டும். கோப்பில் உள்ள நிலைக்குறி (ஸ்டேட்டஸ்) ஒற்றைப்படையாக இருந்தால் அந்த அளவீட்டை விட்டுவிடுங்கள். துல்லியம் (பிரிசிஷன்) என்ற மாறி எதிர்மமாக இருந்தால் அந்தப் புள்ளியை விடுங்கள். தரம் (குவாலிட்டி), ஒருங்கல் (கன்வெர்ஜென்ஸ்) என்ற மாறிகள் இரண்டுக்கும் எல்லை எண்கள் வாயுவுக்கு வாயு, பதிப்புக்குப் பதிப்பு மாறும். நீங்கள் இறக்கிய பதிப்பின் தர ஆவணத்திலிருந்து மட்டும் எடுங்கள். பழைய நிரலில் இருந்ததை ஒட்டாதீர்கள்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. கார்பன் மோனாக்சைடின் அளவே எதிர்மமாக வரும் புள்ளிகள் இருக்கும். "எதிர்ம வாயு ஏது?" என்று அவற்றைத் தூக்கிவிடுவது இயல்பாகத் தோன்றும். தூக்கக் கூடாது. அவை இரைச்சலின் ஒரு பாதி. அந்தப் பாதியை மட்டும் நீக்கினால் சராசரி மேலே தள்ளப்படும். குறைவான இடமெல்லாம் கூடுதலாகத் தெரியும். துல்லியம் எதிர்மமானால் விடுங்கள், அளவு எதிர்மமானால் வைத்திருங்கள்.

நேரம் 1993 சனவரி 1 முதலான விநாடிகளில், லீப் விநாடிகளையும் சேர்த்து இருக்கும். நாள் சராசரிக்கு இது பெரிதல்ல. வேறொரு கருவியோடு நிமிடக் கணக்கில் பொருத்தும்போது கவனியுங்கள்.

படத்தில் கிடையாக நாள், செங்குத்தாக அழுத்தம். கிலோமீட்டரில் வரையாதீர்கள். வெப்பமேற்றத்தில் காற்று விரிவதால் ஒரே அழுத்த மட்டம் கிலோமீட்டர் கணக்கில் இடம்பெயரும். அந்த இடப்பெயர்ச்சியே கலவை மாற்றம்போலத் தெரிந்துவிடும். நினைவில் வைக்க: 10 ஹெக்டோபாஸ்கல் ஏறத்தாழ 31 கி.மீ., 1 என்றால் 48, 0.1 என்றால் 65, 0.01 என்றால் 80. முதல் படத்தை 0.01இல் நிறுத்துங்கள். நிறங்களை மடக்கை அளவில் போடுங்கள், இல்லாவிட்டால் மேல்மட்டம் மட்டும்தான் தெரியும்.

2009 படத்தில் சனவரி பின்பாதியில் மேலே ஒரு குறைவும், பிப்ரவரி தொடங்கி மார்ச் வரை மேலிருந்து சரிந்து இறங்கும் ஒரு பட்டையும் தெரிய வேண்டும்.

அடுத்து, தெரிந்தது உண்மையிலேயே இறக்கம்தானா என்று சோதியுங்கள். நீராவிக்கு மேல் மீசோஸ்பியரில் சரிவு எதிர்ப்பக்கம்: உயரே போகப் போகக் குறையும். கார்பன் மோனாக்சைடு கூடும் அதே இடத்தில் நீராவி குறைந்தால் காற்று இறங்கியிருக்கிறது. இரண்டும் சேர்ந்து கூடினாலோ சேர்ந்து குறைந்தாலோ வடிகட்டலில் எங்கோ தவறு.

இன்னொரு சந்தேகமும் நியாயமானது. சுழல் பிளந்து துருவத்தைவிட்டு நகர்ந்துவிட்டால், கார்பன் மோனாக்சைடு நிறைந்த சுழல் காற்று 70–82 பட்டைக்கு வெளியே போய்விடும். சராசரி குறையும், காற்று ஏறவே இல்லாமலும் குறையும். முறையான தீர்வு, சுழலின் விளிம்பை வைத்துக் கணக்கிடும் சமான அட்சத்தில் சராசரி எடுப்பது. முதல் முயற்சியில் அது கடினம் என்றால், குறைந்தது சனவரி 15, 24, 31, பிப்ரவரி 15 ஆகிய நான்கு நாட்களுக்கு 0.1 ஹெக்டோபாஸ்கலில் வரைபடம் போட்டுப் பாருங்கள். எங்கே நகர்ந்தது, எங்கே உண்மையில் குறைந்தது என்பது கண்ணுக்கே தெரியும்.

5. தெர்மோஸ்பியரில் ஆக்சிஜன்–நைட்ரஜன் விகிதம்

ஏறத்தாழ 105 கி.மீ.க்கு மேல் வாயுக்கள் கலந்து நிற்பதில்லை. எடைக்கேற்பப் பிரிந்து நிற்கும். அடிமட்டத்தில் அணு ஆக்சிஜன் கொஞ்சம் குறைந்தால் அந்தக் குறைவு மேலே முழுவதும் தொடரும். வெப்பமேற்றம் அந்த அடிமட்டத்தை இரண்டு வழியில் தொடுகிறது. ஒன்று, கீழ்த் தெர்மோஸ்பியரின் வடக்கு–தெற்குச் சுழற்சி மாறுகிறது. மற்றொன்று, வலுத்த வளிமண்டல ஓதங்கள் (சூரிய வெப்பமும் நிலவின் ஈர்ப்பும் காற்றில் எழுப்பும் அலைகள்) அங்கே உடைந்து கலக்குகின்றன. இரண்டின் விளைவும் ஒன்றுதான்: மேலே விகிதம் குறையும்.

2019க்குக் கோல்டு தரவு. எஸ்.இ.எஸ்.-14 செயற்கைக்கோளில் ஏறி, மேற்குத் தீர்க்கம் 47.5க்கு மேல் புவிநிலைச் சுற்றுப்பாதையில் இது நிற்கிறது. அமெரிக்கக் கண்டங்களையும் அட்லாண்டிக்கையும் பார்க்கும். இந்தியா இதன் பார்வையில் இல்லை. பகல் நேர வட்டப்படத்திலிருந்து (புவியின் வட்டம் முழுவதையும் எடுத்த படம்) வரும் விகிதத்தில் உள்ளூர் நேரம் 10 முதல் 14 வரை உள்ளதை மட்டும் எடுங்கள். சூரியக் கோணம் பெரிதான ஓரங்களைத் தள்ளிவிடுங்கள்.

எதிர்பார்க்க வேண்டிய மாற்றம் ஏறத்தாழ 10 விழுக்காடு. இது சிறிய எண். உள்ளூர் நேரத்தையோ பருவத்தையோ சரிசெய்யாமல் விட்டாலே அந்த அளவு பிழை வந்துவிடும்.

2009க்கு டைம்டின் குவி கருவிதான். அதன் விளிம்புப் பார்வை (புவியின் ஓரத்தைப் பக்கவாட்டில் பார்ப்பது) 2007 டிசம்பரில் நின்றுவிட்டதால் உயரவாரியாகக் கிடைக்காது. மேலிருந்து கீழாகக் கூட்டிய மொத்தத் தூணின் விகிதம் மட்டும் கிடைக்கும். டைம்டு கடக்கும் உள்ளூர் நேரம் நாளுக்கு 12 நிமிடம் நகர்கிறது. ஒரு மாதத்தில் ஆறு மணி நேரம். நீங்கள் காணும் மெதுவான சரிவு வெப்பமேற்றத்தால் வந்ததா, காலை மதியமானதால் வந்ததா என்று சொல்ல முடியாத நிலை வரும். சேபருக்கும் இதே கதை. போதாததற்கு, ஏறத்தாழ 60 நாளுக்கு ஒருமுறை செயற்கைக்கோள் திரும்புவதால் சேபர் ஒரு காலம் வடக்கே 83 வரையும், அடுத்த காலம் 52 வரையும் மட்டுமே பார்க்கும். அந்தத் திருப்பம் சனவரி நடுவில் வருகிறது. சனவரி தொடக்க நிகழ்வுகளுக்குச் சேபரில் உயர் அட்சத் தரவு ஏன் இல்லை என்று தேடி நேரத்தை வீணாக்காதீர்கள்.

6. சூரியனையும் புயலையும் கழியுங்கள்

புவிக்காந்தப் புயலும் இதே விகிதத்தைக் குறைக்கும், அதுவும் பல மடங்கு வலுவாக. புவிக்காந்தக் கலக்கத்தை 0 முதல் 9 வரை அளக்கும் கே.பி. குறியீட்டை ஜெர்மனியின் ஜி.எஃப்.இசட். வெளியிடுகிறது. 3க்கு மேல் போன நாளையும் அடுத்த நாளையும் குறித்துவைத்து விலக்கிப் பாருங்கள். சூரியனின் செயல்பாட்டைக் காட்டும் எஃப்10.7 எண் 27 நாள் சுழற்சியில் ஏறி இறங்கும். வெப்பமேற்றமும் அதே கால அளவு நீடிப்பதால் இரண்டும் எளிதில் ஒன்றாகக் குழம்பும்.

என்.ஆர்.எல்.எம்.சிஸ் 2.0 என்ற மாதிரியைப் பைத்தானில் இலவசமாக ஓட்டலாம். நாள், எஃப்10.7, காந்தக் குறியீடு கொடுத்தால் வழக்கமான கலவையைத் தரும். வெப்பமேற்றம் என்பதே அதற்குத் தெரியாது. நமக்கு வேண்டியதும் அதுதான். மேலிருந்து கீழாக நைட்ரஜன் மூலக்கூறுகளைக் கூட்டி, ஒரு சதுர சென்டிமீட்டருக்கு பத்தின் 17ஆம் அடுக்கு ஆகும் உயரம் வரை இரண்டு வாயுக்களையும் கூட்டி விகிதம் எடுங்கள். கருவிகள் தரும் விகிதத்தின் வரையறை இதுவே. பிறகு கருவி அளவை மாதிரி அளவால் வகுத்து, டிசம்பர் சராசரியை 100 ஆக்கி வரையுங்கள். வகுக்காமல் வரைந்த படத்தைக் கையோடு வைத்து ஒப்பிட்டால், எவ்வளவு சரிவு பருவத்தால் வந்தது என்று தெரியும்.

7. திருநெல்வேலிக்கு மேலே பார்க்க நினைப்பவருக்கு

நம் பக்கத்தில் இதன் தாக்கம் அயனமண்டலத்தில் வருகிறது. திருநெல்வேலியில் இந்தியப் புவிக்காந்த நிறுவனத்தின் நிலையம் உண்டு. அங்கே அளக்கும் கிடைக்காந்தப்புலத்திலிருந்து மும்பை அருகே அலிபாக் அளவைக் கழித்தால் அயனமண்டலத்தில் ஓடும் நிலநடுக்கோட்டு மின்னோட்டத்தின் வலு கிடைக்கும். வெப்பமேற்ற நாட்களில் பிற்பகலில் அது எதிர்த்திசைக்குத் திரும்புவதைக் காணலாம். நிலவின் ஓதம் வலுப்பதே காரணம். அதனால் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி அதிகம் தெரியும்.

மொத்த எலக்ட்ரான் எண்ணிக்கையில் வரும் மாற்றத்தை உடனே கலவையின் கணக்கில் எழுதாதீர்கள். மின்புலத்தால் வரும் மாற்றம் காலையில் கூடி, பிற்பகலில் குறையும். கலவையால் வரும் மாற்றம் நாள் முழுக்க ஒரே பக்கம், அதாவது குறைவுப் பக்கம் இருக்கும். எனவே காலை, பிற்பகல் இரண்டையும் தனித்தனியாக வரைந்து, பிறகு நாள் சராசரியைப் பாருங்கள். சராசரியில் மிஞ்சும் குறைவைத்தான் கலவையோடு ஒப்பிட வேண்டும்.

2009 சனவரி 26 அமாவாசை மட்டுமல்ல, அன்று கங்கண சூரிய கிரகணமும் நடந்தது. தென்னிந்தியாவில் பகுதி கிரகணமாகத் தெரிந்தது. அந்த ஒரு நாளை விலக்கிவிட்டு மற்ற நாட்களை எடுங்கள்.

8. எல்லாவற்றையும் ஒரே தாளில்

நான்கு படங்களை ஒன்றன்கீழ் ஒன்றாக, ஒரே நாள் அச்சில் வையுங்கள். அடியில் 10 ஹெக்டோபாஸ்கல் காற்று, அதன்மேல் 70–82 அட்ச வெப்பநிலை, அதன்மேல் கார்பன் மோனாக்சைடு, உச்சியில் ஆக்சிஜன்–நைட்ரஜன் விகிதம். மையத் தேதியில் ஒரு செங்குத்துக் கோடு. மீசோஸ்பியர் குளிர்வது கோட்டுக்குச் சில நாள் முன்பே தொடங்கியிருக்கலாம். விகிதம் கோட்டை ஒட்டிய நாட்களில் சரியும். கார்பன் மோனாக்சைடின் இறக்கம் கோட்டுக்குப் பின் வாரங்கள் நீளும். நான்கும் ஒரே நிகழ்விலிருந்து வர வேண்டும். 2009இன் கார்பன் மோனாக்சைடையும் 2019இன் விகிதத்தையும் ஒரே தாளில் ஒட்டாதீர்கள். 2019இலும் ஸ்ட்ராட்டோபாஸ் உயர்ந்து உருவானதால், 2009இல் பழகிய அதே நிரலை 2019க்கு ஓட்டினால் முழுத் தாளும் கிடைத்துவிடும்.

வெளியிடும் எண்ணம் இருந்தால் ஒவ்வொரு தரவின் பதிப்பு எண், டி.ஓ.ஐ. எண் (தரவின் நிலையான அடையாள எண்), இறக்கிய தேதி மூன்றையும் இறக்கும் நாளிலேயே ஒரு உரைக் கோப்பில் எழுதிவையுங்கள். எம்.எல்.எஸ். பதிப்பு மாறும்போது பழைய கோப்புகள் தளத்திலிருந்து நகர்ந்துவிடலாம். எந்தப் பதிப்பில் வரைந்தீர்கள் என்று பின்னால் கண்டுபிடிப்பது கடினம். கருவிக் குழுக்களின் பயன்பாட்டு விதிகளையும் படித்துவிடுங்கள். வெளியிடும் முன் குழுவுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பச் சொன்னால், படத்தையும் வடிகட்டிய முறையையும் இணைத்தே அனுப்புங்கள்; உங்கள் வடிகட்டலில் குறை இருந்தால் அவர்கள் பார்வையில் முதலில் படும்.